பழைய ஜமக்காளமும் மில் காலத்து மரச்சாமானும்

யாராவது பழைய ஜமக்காளம் ஒன்றை விரித்துக் காட்டினால், முதலில் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருந்தால்தான் அடுத்த பேச்சு. பின்பக்கம் வெளுப்பாக இருந்து, டிசைன் மேலே மட்டும் தெரிந்தால் அது அச்சடித்த சரக்கு. எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க மாட்டேன். மர பீரோவுக்கும் இதே கணக்குதான். முகப்பைப் பார்க்கும் முன் டிராயரை முழுதாக உருவி, மூலையில் பலகைகளை எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். விற்பவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் அதை விட முடியாது, ஏனென்றால் நான் தேடுவது அங்கேதான் இருக்கிறது.

எனக்கு ஊர் ஈரோடு. வேலை கரூரில், வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில். மேசை விரிப்பு, குஷன் உறை, தரைவிரிப்பு என்று கட்டம் போட்ட தாளோடுதான் என் பகல் முழுக்கப் போகும். அடுத்த சீசனுக்கு என்ன மாதிரி வேண்டும் என்று வெளிநாட்டில் இருந்து படங்களைச் சேர்த்து ஒட்டி அனுப்புவார்கள். அவற்றில் பாதிக்கு மேல் 1920-களில் இருந்து 1960-கள் வரை ஐரோப்பாவில் நெய்யப்பட்ட விரிப்புகளாக இருக்கும். சுவீடனின் ரோலகான் என்னும் முடி இல்லாத தட்டை விரிப்பு, பாரிஸில் ஐலீன் கிரே வரைந்த விரிப்பு, ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப் பள்ளியில் நெய்த சுவர்த் தொங்கல்கள். வட்டம், கட்டம், பட்டை, படிக்கட்டு. அசல் ஒன்று ஏலத்துக்கு வந்தால் லட்சக்கணக்கில் போகும். அவற்றை வாங்கும் வசதி எனக்கு இல்லை. ஆனால் அந்தப் படங்களை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஒறம்பரை வந்தால் விரிக்கும் ஜமக்காளத்தைப் பார்த்தபோது, இரண்டும் ஒரே குடும்பம் என்பது பளிச்சென்று தெரிந்தது. அப்படித்தான் சேர்க்க ஆரம்பித்தேன்.

என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்ததைப் பற்றிச் சொல்கிறேன். அந்தியூர்ப் பக்கம், கல்யாணத்துக்குப் பாத்திரம், சேர், பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடை ஒன்றில் கிடைத்தது. பிளாஸ்டிக் சேர் வந்த பிறகு ஜமக்காளம் வாடகைக்குக் கேட்பவர்கள் குறைந்துபோய், கட்டுக் கட்டாக மூலையில் கிடந்தன. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

“ஏனம்மணி, ஓரம் பிஞ்சதப் போயி காசு குடுத்து எடுக்கறீங்க? பவானியில புதுசாவே கெடைக்குமே?”

“இருக்கட்டுங்கய்யா, எனக்கு இதுதான் வேணும்.”

“அப்ப தூசி தட்டித் தரச் சொல்றேன், இருங்க.”

ஒரு மூலையில் கடையின் பெயர் எழுத்துகளும் ஒரு நம்பரும் கறுப்பு பெயின்டில் அடித்திருக்கின்றன. எத்தனை கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்த் தவறாமல் திரும்பி வருவதற்காக வைத்த அடையாளம். அதை எடுக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். எடுக்க மாட்டேன். ஐரோப்பிய விரிப்பின் மூலையில் நெய்தவரின் எழுத்து இருந்தால் விலை ஏறுகிறது. என் ஜமக்காளத்தில் நெய்தவர் பெயர் இல்லை, அது எங்கெல்லாம் போய் வந்தது என்பதற்கான முத்திரையாவது இருக்கட்டும்.

இனி டிசைன். அரக்குச் சிவப்பில் நாலு விரல் அகலப் பட்டை, அதையொட்டி அரை விரல் வெள்ளை, பிறகு கருநீலம் இரண்டு விரல், மறுபடி வெள்ளை, பிறகு பச்சை. இந்த அடுக்கு நடுவரை ஏறிப் போய், அங்கிருந்து அப்படியே தலைகீழாகத் திரும்பி வருகிறது. நடுவில் மட்டும் கடுகு மஞ்சளில் ஒரே ஒரு பட்டை, வேறு எங்கும் அந்த நிறம் இல்லை. இதை நெய்தவர் நிறத்தை எங்கே செலவு செய்ய வேண்டும், எங்கே அடக்கிப் பிடிக்க வேண்டும் என்று அறிந்தவர். கருநீலப் பட்டை ஒன்றின் பாதியில் நிறம் லேசாக மாறுகிறது. சாயம் போட்ட ஒரு பாகம் நூல் தீர்ந்து அடுத்த பாகம் வந்திருக்கிறது. கம்பெனியில் இப்படி வந்தால் தரப் பரிசோதனையிலேயே கழித்துவிடுவார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் கண் போய் நிற்கும்.

ஏன் ஜமக்காளம் என்றால் குறுக்குப் பட்டையாகவே இருக்கிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தறியில் பாவு நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும், ஊடை குறுக்கே போகும். ஜமக்காளத்துக்கு ஊடை நூல் தடி. அதைப் பலகையால் இறுக்கி அடித்து நெருக்கும்போது பாவு முழுக்க உள்ளே ஒளிந்துவிடும், வெளியே தெரிவதெல்லாம் ஊடை மட்டுமே. ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவில் என்ன நிறம் இருக்கிறதோ அது இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரை ஓடும். ஆகவே நிறத்தை மாற்றினால் குறுக்குக் கோடு தானாகவே பிறக்கும். இரண்டு நாடாவை வைத்துக்கொண்டு ஒரு ஊடை கறுப்பு, ஒரு ஊடை வெள்ளை என்று மாற்றி மாற்றி விட்டால், குறுக்குக் கோடு மறைந்து மெல்லிய நிமிர்ந்த கோடுகள் வரிசையாக எழுந்து நிற்கும். இரண்டிரண்டாக விட்டால் மெல்லிய குறுக்குக் கோடுகள் நெளிநெளியாக வரும். ஒரே நிறப் பட்டைக்கு நடுவே வேறு நிறத்தில் ஒரே ஒரு ஊடை விட்டால் புள்ளி வரிசை கிடைக்கும். இவ்வளவுக்கும் தறியில் கூடுதலாக எதையும் மாட்ட வேண்டாம். என் அந்தியூர் ஜமக்காளத்தின் இரு முனையிலும் அந்த நிமிர்ந்த கோட்டு வரிசை இருக்கிறது, சீப்புப் பல் போல.

அகலமான ஜமக்காளத்துக்குக் குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைக் கைமாற்றி நெய்வார்கள். ஒருவர் அடி கொஞ்சம் அழுத்தம், மற்றவர் அடி கொஞ்சம் இளக்கம் என்றால் பட்டை ஒரு பக்கம் நூலளவு ஏறியிருக்கும். தரையில் விரித்து, கால்மாட்டில் குனிந்து பார்த்தால் தெரியும். விசைத்தறி ஜமக்காளத்தில் இந்த ஏற்றம் இருக்காது. பழைய கைத்தறி ஜமக்காளத்தைத் தேடுபவர்கள் இதையும் ஒரு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

பவானி ஜமக்காளத்துக்கு ரொம்பப் பழைய வயது கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்து மில் துணி வந்து இறங்கி உள்ளூர் நெசவு படுத்தபோது, பவானியில் இருந்த ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் தடித்த நிற நூலில் விரிப்பு நெய்ய ஆரம்பித்தார்கள். மெல்லிய துணியில் மில்லோடு மோத முடியாது, தடித்த நூலில் மோதலாம் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் இருந்துதான் இந்தப் பெரிய பட்டைகளும் அழுத்தமான நிறங்களும் வந்தன. பூ, கொடி, மயில் எதுவும் இல்லாமல் வெறும் பட்டையை வைத்தே ஒரு தரையை நிரப்பலாம் என்று பவானிக் கூடுதுறைக்காரர்கள் காட்டிய பிறகு, 1919-ல்தான் வைமார் நகரத்தில் பௌஹௌஸ் பள்ளியே திறக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. தறி இரண்டு ஊரிலும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

பௌஹௌஸ் நெசவுப் பட்டறையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. புதுமை பேசிய பள்ளிதான், ஆனாலும் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோரைத் தறிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஆனி ஆல்பர்ஸ் 1922-ல் அங்கே மாணவியாகச் சேர்ந்தார், அவருக்கும் நெசவுதான் கிடைத்தது. அதை வைத்தே, தறியின் நெட்டும் குறுக்கும் மட்டுமே போதும், வேறு அலங்காரம் வேண்டாம் என்கிற அளவுக்குக் கொண்டுபோனார். நாஜிகளின் நெருக்கடியில் பள்ளி 1933-ல் மூடியது. அவர் அமெரிக்கா போனார். 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. பட்டறையை நடத்திய குந்தா ஷ்டோல்ஸலின் தொங்கல்களைப் படத்தில் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். அந்தப் பள்ளியின் ஓவியங்கள் 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவுக்கு வந்து கண்காட்சியில் இருந்தன, கிளேயும் காண்டின்ஸ்கியும் வரைந்தவை உட்பட. ககனேந்திரநாத் தாகூரின் ஓவியங்களும் அதே கண்காட்சியில் இருந்தன. நம் ஊர்க்காரர்கள் இந்த மாதிரி டிசைனை “வெள்ளக்காரன் ஸ்டைல்” என்று ஒதுக்கும்போதெல்லாம் இதை எடுத்துச் சொல்வேன்.

சரி, மரச்சாமானுக்கு வருவோம்.

நீலகிரியின் பைக்காராவில் இருந்து 1930-களின் தொடக்கத்தில் மின்சாரம் வந்ததும் கோயமுத்தூரைச் சுற்றி பஞ்சாலைகள் வரிசையாக எழும்பின. மில்லில் காசு பார்த்த குடும்பங்கள் ரேஸ்கோர்ஸிலும் ஆர்.எஸ்.புரத்திலும் வீடு கட்டின. உலகம் முழுக்க அப்போது ஆர்ட் டெக்கோ காலம். 1925-ல் பாரிஸில் நடந்த கண்காட்சியில் இருந்து கிளம்பிய பாணி அது. வளைந்த மூலை, மூன்று கோடுகள் சேர்ந்து ஓடும் விளிம்பு, உதயசூரியன் கதிர் போட்ட கேட் கம்பி, படிப்படியாக ஏறும் நெற்றிச்சுவர். அந்த வீடுகளுக்கு உள்ளே போட்ட மேசை, நாற்காலி, பீரோ எல்லாம் இங்கேயே உள்ளூர் தச்சர்கள் செய்தவை. ஆனைமலையில் தேக்கு இருந்தது, ஈட்டி மரம் இருந்தது. வெட்டிய மரத்தை மலை மேலிருந்து சரித்து விட்ட இடத்துக்குத்தான் இன்றும் டாப்ஸ்லிப் என்று பேர்.

இப்போது அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிகின்றன. அண்ணன் தம்பி பங்கு பிரித்து, அபார்ட்மெண்ட் வருகிறது. புதுவீட்டில் மாடுலர் கிச்சன், ரெடிமேட் வார்ட்ரோப். பழையதை வைக்க இடம் இல்லை என்று இடிப்பவரிடமே மொத்தமாகப் பேசி விட்டுவிடுகிறார்கள். அவர் கதவு, ஜன்னல், உத்திரத்துக்குக் கணக்குப் போடுவார், ஏனென்றால் அது மரம். பீரோவும் மேசையும் அவருக்குப் பலகைதான், அறுத்தால் இத்தனை அடி வரும் என்கிற கணக்கு. எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்த இடம்தான். நான் போட்டி போட வேண்டியிருப்பது இன்னொரு சேகரிப்பாளரோடு அல்ல, ரம்பத்தோடு.

என் டிரெஸ்ஸிங் டேபிள் அப்படி ரம்பத்துக்குப் போக இருந்தது. வலப்பக்கம் மூன்று டிராயர், இடப்பக்கம் ஒன்றே ஒன்று, ஆகவே பலகை ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் தாழ்வு. நடுவில் முழு வட்டக் கண்ணாடி, அதுவும் நட்டநடுவில் இல்லாமல் தாழ்ந்த பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. ஒரு வட்டம், நாலு செவ்வகம், ஒரு படி. அவ்வளவுதான் டிசைன். சட்டம் தேக்கு, முகப்பில் ஈட்டி வினியர், அதாவது மெல்லிசாகச் சீவி ஒட்டிய மரத் தகடு. ஒரே துண்டில் இருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தகட்டைப் புத்தகம் விரிப்பதுபோலத் திறந்து ஒட்டியிருப்பதால், மரத்தின் ரேகை நடுக்கோட்டில் இருந்து இரு பக்கமும் ஒன்றுபோல விரிகிறது. கைப்பிடி கறுப்பு பேக்கலைட். டிராயரை உருவினால் மூலையில் புறா வால் போல் வெட்டிக் கோத்திருக்கிறது, ஒரு ஆணிகூட இல்லை.

இடிப்பவர் 4,000 ரூபாய் சொன்னார். நான் பேரம் பேசவில்லை. கூட வந்த ஆட்டோக்காரர்தான் “என்னுங்க மேடம், கண்ணாடியில புள்ளி விழுந்திருக்கே, கொறச்சுக் கேளுங்க” என்று முழங்கையால் இடித்தார். அந்தப் புள்ளி, பின்பூச்சு ஈரத்தில் கறுத்ததால் வருவது. மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

பாலிஷ் வேலைக்குக் கோயமுத்தூரிலேயே ஒரு ஆசாரி அண்ணன் இருக்கிறார். வந்ததும் டேபிளின் அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு தொடு தொட்டார். பிசுபிசுத்தது.

“அரக்குப் பாலிஷ்ங்க அம்மணி. இதச் சொரண்ட வேண்டியதில்ல. ஸ்பிரிட்லயே கரைச்சு, அதே பூச்சத் திருப்பி இழுத்துட்டா போதும். மேல இந்த பளபளா வார்னிஷ் மட்டும் வேண்டாம்ங்க.”

“உப்புத்தாள் போடுவீங்களாண்ணா?”

“வினியர் மேல உப்புத்தாளா? காயிதம் கனந்தானுங்க இருக்கு, நாலு இழுப்புல கீழ இருக்கற மரம் தெரிஞ்சிரும்.”

பழையதை வாங்கி, பளபளவென்று புதுசாக்கிக் காட்டும் கடைகள் இப்போது நிறைய. அவற்றில் அந்தக் காலத்து அரக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு பாலியூரிதேன் அடிக்கிறார்கள். மரத்தின் மேல் கண்ணாடி ஒட்டிய மாதிரி ஆகிவிடும். என் கருத்தில் அது இடிப்பதற்கு அடுத்த படிதான்.

எந்தக் காலத்துச் சாமான் என்று பார்க்கத் திருகாணி உதவும். தலையில் ஒற்றைக் கோடு போட்டதா, பிளஸ் போட்டதா என்று பாருங்கள். பிளஸ் தலை 1930-களில் அமெரிக்காவில் வந்தது, நம் பட்டறைகளுக்கு வந்து சேரப் பல வருடம் ஆனது. டேபிளில் எல்லாம் ஒற்றைக் கோடு, ஒரு கீலில் மட்டும் பிளஸ். அந்தக் கீலை யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள். ஒரு திருகாணியை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. டிராயர் ஓடும் பாதை தேய்ந்திருக்கிறதா, கால் நுனி நீர் பட்டுக் கறுத்திருக்கிறதா, கை வைக்கும் இடத்தில் மட்டும் விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லா இடமும் சமமாகத் தேய்ந்திருந்தால் அது தேய்க்கப்பட்டது.

“சண்டிகர் சேர்” என்று இப்போது ஒன்று ஓடுகிறது. 1950-களில் சண்டிகர் நகரம் எழும்பியபோது, அந்த நகரத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் உறவினர் பியர் ஜான்னரே அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள் அவை. பக்கவாட்டில் பார்த்தால் கால் கவராயம் விரித்த மாதிரி இருக்கும். அலுவலகங்களில் உடைசல் என்று குவித்து அடிமாட்டு விலைக்கு ஏலம் விட்டதெல்லாம் வெளிநாட்டு ஏலக் கூடத்தில் லட்சங்களுக்குப் போனது. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாது என்று உத்தரவு போட்டது. நம் பக்கத்துக் கடைகளில் அதே பெயரில் நிற்பவை புது நகல்கள். உட்கார நன்றாகவே இருக்கும், அந்த விலைக்கு வாங்கலாம். பழையது என்று சொல்லி எழுத்து குத்திய முத்திரையைக் காட்டினால் மட்டும் நடையைக் கட்டுங்கள். முத்திரையைப் போலியாகக் குத்துவதுதான் இருப்பதிலேயே சுலபம்.

எனக்கு அந்தச் சேரைவிட கோபியில் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் இருந்து வந்த வயர் சேர் உசத்தி. வளைத்த இரும்புக் கம்பி, அதில் பச்சையும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் வயர், முதுகில் டைமண்ட் கட்டம். மொட்டை வெயிலில் கிடந்து வயர் நொறுங்கிப் போயிருந்தது. பழைய கட்டத்தைத் தாளில் ஒவ்வொரு பின்னலாகக் குறித்துக்கொண்டு, அம்மாவும் நானும் புது வயரில் பின்னினோம். பின்னும்போது பார்த்தால் இதுவும் பாவும் ஊடையும்தான். கம்பிக்குக் கம்பி இழுத்துக் கட்டியது பாவு, குறுக்கே ஏறி இறங்கிப் போவது ஊடை.

வைத்துக் காப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஜமக்காளம் பருத்தி, கம்பளியை அரிக்கும் பூச்சி அண்டாது. ஆனால் கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி வரும், ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். மடிக்காதீர்கள், மடிப்பில்தான் முதலில் கிழியும். பழைய வேட்டியை உள்ளே வைத்துச் சுருட்டி, வேப்பிலையும் வசம்பும் போட்டு வைக்கிறேன். துவைக்கும் முன் ஒவ்வொரு நிறத்திலும் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பார்ப்பேன். சிவப்பு ஒட்டினால் தண்ணீரே காட்ட மாட்டேன், தூசி தட்டி நிழலில் உலர்த்துவதோடு சரி. வெயிலில் போட்டால் ஒரு கோடைக்குள் கருநீலம் சாம்பலாகிவிடும்.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு 2005-06-லேயே கிடைத்துவிட்டது. அப்புறமும் சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் பாதி விலைக்கு வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பழையதை மட்டும் தேடித் தேடிச் சேர்த்துவிட்டு, இன்றைக்குக் குழியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பவரிடம் ஒன்றும் வாங்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் டிரெஸ்ஸிங் டேபிளுக்கு முன்னால் போட ஒன்று நெய்யச் சொல்லி பவானி போனேன். கட்டத் தாளில் படி வைத்த டிசைன் ஒன்று போட்டுக் கொண்டுபோயிருந்தேன். நெசவாளர் தாளை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“படி வருமுங்க. ஆனா ஒவ்வொரு நெறத்தயும் பாதியில நிறுத்தி, கையில கோத்துத் திருப்போணும். நாளெல்லாம் உக்காந்தாலும் ஒரு சாண் ஏறாது. உங்களுக்கும் வெல கட்டாது, எனக்கும் கூலி கட்டாதுங்க.”

“அப்ப வெறும் ஊடையை மாத்தியே எதாச்சும் பண்ணலாமாண்ணா? இந்தப் பல்லு மாதிரி?” என்று போனில் அந்தியூர் ஜமக்காளத்தின் முனையைக் காட்டினேன்.

பெரிதாக்கிப் பார்த்தார். “இது எங்கப்பாரு காலத்து வேல. அவரு இத நெய்யிறப்ப ஊடை நூலத் தாருல சுத்திக் குடுத்திருக்கறன்.”

அதற்குப் பிறகு அவரே தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் பட்டைகளை வரைந்தார். கறுப்பு, வெள்ளை, கடுகு மஞ்சள், இரு முனையிலும் பல். படிக்கட்டை விட்டுவிட்டேன். அவர் வரைந்ததுதான் நன்றாக இருக்கிறது. அகலம் நாலடி, ஒருவர் மட்டும் உட்கார்ந்து நெய்துவிடலாம். பாவு ஏற்றும் நாளில் வரச் சொல்லியிருக்கிறார். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே வரும் வெள்ளைக் கோட்டுக்கு மூன்று ஊடை போதுமா, ஐந்து வேண்டுமா என்பதை அதற்குள் நான் முடிவு செய்து சொல்ல வேண்டும்.